நாத்தனார் நேராக்கிய வரப்பு

என் நாத்தனாரைப் பற்றி நான் எழுத உட்கார்ந்தால் அதில் பாதி புகாராகத்தான் இருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். சரிதான். முப்பத்தோரு வருஷம் ஒரே சமையலறையில் முட்டி மோதிக்கொண்டு, ஒரே குளியலறைக் கதவை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டு வாழ்ந்த இரண்டு பெண்களில் ஒருத்தி இன்னொருத்தியைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அதை யாரும் நம்பக் கூடாது.

அவள் என் கணவருக்கு ஆறு வயது மூத்தவள். நேரில் அக்கா என்றும் நீங்க என்றும்தான் பேசுவேன். இங்கே அவள், இவள் என்று எழுதுவது தாளில் மட்டும் வருகிற தைரியம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால், "அதுக்கு நேரம் கிடைக்கல" என்பாள், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி. என் இரண்டு பிள்ளைகளையும் பாதி வளர்த்தவள் அவள்தான். மீதிப் பாதியை நான் சரியாக வளர்க்கவில்லை என்பது அவளுடைய அபிப்பிராயம்.

அவளுக்கு வேலை நில அளவை அலுவலகத்தில். டிரேசர் என்பார்கள். எந்த வயல் எங்கே முடிகிறது, எந்த வரப்பு எங்கே திரும்புகிறது என்று நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ அளந்து வரைந்த படங்கள் கரையான் அரித்தும் ஈரத்தில் ஊறியும் கிடந்தன. அவற்றின் மேல் மெல்லிய டிரேசிங் துணியைப் பரப்பி, அடியில் தெரிகிற கோட்டை அப்படியே கறுப்பு மையில் மேலே எடுக்க வேண்டும். எடுத்து முடித்து மேலதிகாரி கையெழுத்துப் போட்டதும், தொட்டால் உதிர்கிற நிலையில் இருக்கும் பழைய படத்தை எரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு இவள் போட்ட கோடுதான் சட்டம். அண்ணன் தம்பி அடித்துக்கொண்டாலும், பக்கத்து வயல்காரன் மண்வெட்டியைத் தூக்கினாலும், கடைசியில் எல்லாரும் இவள் கோட்டின் முன்னால் வந்துதான் நிற்க வேண்டும்.

இப்படி ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் படங்கள் போட்டாள். அலுவலகத்தில் அவளுக்கு 'நேர்கோடு' என்று பெயர். அந்த நேர்கோடு சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் விடாது. துவைத்த துண்டைக் கொடியில் ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் போடாவிட்டால் என் பின்னாலேயே வந்து சரிசெய்வாள். நான் பீன்ஸ் நறுக்கினால் தட்டை எட்டிப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவாள். "பீன்ஸுக்கு எதுக்குக்கா அளவு, வயித்துக்குள்ள போய் வரிசையாவா நிக்கப் போகுது" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

வேலையில் அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கோடு திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் முதலில் ஊசியால் ஒரு புள்ளி குத்திக்கொள்வாள். பிறகுதான் புள்ளிக்குப் புள்ளி ஸ்கேலை வைத்து மையை இழுப்பாள். மற்ற டிரேசர்கள் ஊசியைத் தொடுவதே இல்லை. கண்மதிப்பில் இழுத்துவிட்டு அவள் ஒரு படம் முடிப்பதற்குள் ஒன்றரைப் படம் முடித்துவிட்டுக் கடைக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வருவார்கள்.

அவள் ஓய்வு பெற்று ஆறாவது வருஷம், ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் மூன்று நீலக் கூடாரங்கள் முளைத்தன. பழைய ஆற்றுப் பாலத்தை இடித்தபோது தூணுக்கு அடியில் ஒரு கல் குப்புறக் கிடந்ததாம். புரட்டினால் முழுக்க எழுத்து. சுற்றிலும் தோண்டிப் பார்க்கப் படித்தவர்கள் ஓடி வந்தார்கள். கூடாரங்களுக்குத் தலைவியாக வந்தவளுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். வெயிலில் மூக்கு உரிந்துபோய், ஆண்கள் போடுகிற பெரிய தொப்பியோடு சைக்கிளில் சுற்றுவாள். ஊரே அவளைத் தோண்டல் மேடம் என்று கூப்பிட்டது. அவளும் திரும்பிப் பார்த்தாள்.

கல்லில் இருந்தது ஒரு சிவன் கோயிலைப் பற்றிய சேதி. ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஊர் அப்போது படகுத்துறை. சரக்கு ஏற்றி இறக்கின வியாபாரிகள் சேர்ந்து முதலில் செங்கல்லில் சின்னதாக ஒரு கோயில் கட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய பேரன்கள் காலத்தில் அது கல்லாகி, சுற்றுமதில் எழும்பி, கோபுரம் எழும்பி, நாலு பக்கமும் தெரு வந்திருக்கிறது. விளக்கேற்ற இருபது பேர், பூக்கட்டப் பன்னிரண்டு பேர், பாடுகிற பெண்கள் எட்டுப் பேர், யானைக்குத் தண்ணீர் காட்ட ஒரு ஆள் என்று கல்லில் வரிசையாக வெட்டியிருந்தது. அந்த யானைக்காரனுக்கு வீடு கொடுத்ததுகூட இருந்தது. எங்கள் தெருவில் குப்பை எடுக்க வாரத்துக்கு ஒரு ஆள்கூட ஒழுங்காக வருவதில்லை.

பிறகு ஆறு திசை மாறிவிட்டது. ஒரே நாளில் இல்லை, இரண்டு மூன்று தலைமுறையாகக் கொஞ்சம் கொஞ்சமாக. துறையில் தண்ணீர் வற்றியதும் படகு நின்றது. படகு நின்றதும் வியாபாரிகள் புதுத் துறைக்குப் போனார்கள். அவர்கள் போனதும் பூக்கட்டுகிறவர்களும் பாடுகிறவர்களும் என்ன செய்வார்கள், அவர்களும் மூட்டையைக் கட்டினார்கள். கடைசியில் ஒரு பூசாரி, ஒரு விளக்கு. அப்புறம் அதுவும் இல்லை. வெள்ளத்துக்கு வெள்ளம் வண்டல் ஏறியது. வெளியே தெரிந்த கல்லையெல்லாம் ஜனங்கள் வீட்டுக்கும் பாலத்துக்கும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். எங்கள் கொல்லைப்புறத்துத் துவைக்கிற கல்லைப் பார்த்துவிட்டுத் தோண்டல் மேடம் கீழே உட்கார்ந்து அதன் ஓரத்தைத் தடவினாள். அதில் தேய்ந்துபோன ஒரு பூ இருந்தது. முப்பத்தோரு வருஷமாக அதன் மேல் போர்வை அடித்துத் துவைத்த எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது துவைக்கிற கல்லுக்காக அல்ல. நாத்தனாரைப் பார்க்க. கூடத்தில் உட்கார்ந்து, நாத்தனார் போட்ட படம் ஒன்றின் நகலைக் குழாயாகச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள், அதை விரித்தாள்.

"வயலுக்கு அடியில சுவர் இருந்தா கலப்பை இடிக்கும்மா. இடிக்கிற இடத்துல உழவங்க ஒதுங்கிப் போவாங்க. ஒதுங்கி ஒதுங்கி வரப்பே அந்தச் சுவரை ஒட்டி வளைஞ்சிடும். மேல இருக்கிற ஜனங்க மறந்துடுவாங்க, வரப்பு மறக்காது. அதனாலதான் படத்துல கோணலாத் தெரியிற இடமாப் பாத்துத் தோண்டுறோம்."

"கிடைச்சுதா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"ரெண்டு கோணல் இருந்துது. ஒண்ணுல பழைய கிணறு. இன்னொண்ணுல ஒண்ணுமே இல்ல. வெங்காயக்காரர் வயல் ஓரமா மேடு மாதிரி லேசாத் தெரியுது. ஆனா அங்க உங்க படத்துல கோடு துல்லியமா நேராப் போகுது. அந்த மேடு இப்ப குடோன் கட்டப் போறவங்க கையில இருக்கு. ஏதாவது ஒரு ஆதாரம் காட்டினாத்தான் உள்ள விடுவாங்க. எங்க அனுமதி இந்த மாசக் கடைசியோட முடியுது. ஒண்ணாம் தேதி அவங்க தூணுக்குக் குழி தோண்டிக் கான்கிரீட் போட ஆரம்பிக்கிறாங்க. அதுக்கப்புறம் அடியில என்ன இருந்தாலும் இல்லாத மாதிரிதான்."

மாசக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. "ஸ்கேல் வச்சுத்தாம்மா போட்டேன்" என்றாள் நாத்தனார். அவள் குரல் அப்படி உள்ளே போய் நான் கேட்டதில்லை.

வெங்காயக்காரரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்னால் அவருக்கும் அவருடைய கிழக்கு வயல்காரருக்கும் வழக்கு. "எங்க தாத்தா காலத்துல வரப்பு நேராப் போகாது, நடுவுல கிழக்கால பொட்டி மாதிரி புடைச்சுக்கிட்டுப் போகும், அந்தப் புடைப்புல எங்க களம் இருந்துது" என்பது அவர் கட்சி. படத்தில் புடைப்பு இல்லை. படத்தைப் போட்டவள் என்று நாத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "என் படத்துல தப்பு இருக்காது" என்று சொல்லிவிட்டு வந்தாள். வெங்காயக்காரர் தோற்றார். களம் போனதோடு விடவில்லை ஊர். அவர் கடைவீதியில் நடந்தால், "பாத்துப் போங்க, ரோடு புடைச்சுக்கிட்டு இருக்கு" என்று கேலி பண்ணினார்கள். எந்தப் பொய்யைக் கேட்டாலும் 'வெங்காயக்காரர் களம்' என்று சொல்கிற அளவுக்கு அது ஊரில் ஊறிவிட்டது. நானே சொல்லியிருக்கிறேன். சின்னவன் பரீட்சையில் மார்க்கைக் கூட்டிச் சொன்னபோது சொன்னேன்.

மேடம் போன பிறகு இரண்டு நாள் நாத்தனார் ஒரு மாதிரியாக இருந்தாள். கழுவின டம்ளரையே திரும்பக் கழுவினாள். மூன்றாம் நாள் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது, கொடியில் ஒரு துண்டு கோணலாகத் தொங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், கையை நீட்டவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அந்தப் புடைப்பு இருந்துதும்மா" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். அந்தப் படம் ஈரத்தில் ஊறி மை பரவிக் கிடந்தது. நேராக வந்த வரப்பு ஒரு இடத்தில் சட்டென்று கிழக்கே திரும்பி, கொஞ்ச தூரம் தெற்கே போய், மறுபடி மேற்கே வந்து பழைய கோட்டிலேயே சேர்ந்தது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பெட்டி. வழக்கம்போல ஊசிப் புள்ளி குத்தி, அப்படியேதான் முதலில் மையில் இழுத்திருக்கிறாள். இழுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் அசிங்கமாக இருந்ததாம். எந்த வயல் இப்படிப் பெட்டி போல் திரும்பும், பழைய ஆள் களத்தை வரப்போடு சேர்த்துக் குழப்பி வரைந்திருப்பான் என்று தோன்றியிருக்கிறது. பிளேடை எடுத்துப் பெட்டியைச் சுரண்டிவிட்டு, மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிட்டாள். மேலதிகாரி பார்த்து, சுத்தமான வேலை என்று பாராட்டியிருக்கிறார்.

"கேஸ்ல கூப்பிட்டாங்களே, அப்ப ஞாபகம் வரலையா?"

"அங்க நிக்கும்போது வரல. சத்தியமா வரல. வீட்டுக்கு வர்ற வழியில லேசா உறுத்துச்சு. ரெக்கார்டு ரூம் எனக்கு மூணு ரூம் தள்ளித்தான். எந்திரிச்சுப் போய்ப் பாத்திருக்கலாம். பாத்தா இருந்துடுமோன்னு போகல. பதினாலு வருஷம் போகல."

இப்போது நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நான் அவளிடம் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னேன். "யாருக்குக்கா தெரியும்? பழைய படத்த எரிச்சாச்சு. நீங்க சொன்னீங்கன்னா, உங்க ஆயிரத்து இருநூறு படத்தையும் தப்புன்னு சொல்லிக்கிட்டு ஊரே நம்ம வாசல்ல வந்து நிக்கும். கோயில் இத்தனை நாள் மண்ணுக்குள்ள இருந்துது, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றேன். அவள் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வாசலில் ஆட்கள் வந்து நின்றால் எனக்கு வெட்கம் என்பதுதான் நிஜம்.

அவள் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். மறுநாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு கூடத்தில் நின்றாள். "முட்டி வலிக்குது, ஆபீஸ் படி ஏறணும், கூட வர்றியா?" என்று கேட்டாள். போகாதீங்க என்று தடுக்க வாய் எடுத்தேன். செருப்பைத்தான் தேடினேன்.

போகிற வழியில் கூடாரத்துக்குப் போய் மேடத்தையும் கூட்டிக்கொண்டோம். நாத்தனார் நின்றபடியே இரண்டு நிமிஷத்தில் விஷயத்தைச் சொன்னாள். தோண்டல் மேடம் தொப்பியைக் கழற்றினாள், திரும்பப் போட்டுக்கொண்டாள். "நாப்பது வருஷம் முன்னால பாத்ததும்மா. நான் நம்புறேன். குடோன்காரங்க நம்பணுமே" என்றாள்.

"படத்தைக் காட்டுறேன் வாங்க."

"சுரண்டிட்டீங்களே."

"மையத்தான் சுரண்டினேன்."

ரெக்கார்டு ரூம் கிளார்க் நாத்தனாருக்குக் கீழே வேலை பார்த்தவர். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். "அக்கா, நல்லா யோசிச்சுக்குங்க. இதப் பதிவு பண்ணிட்டா மத்தப் படத்தையும் ஒண்ணொண்ணா இழுப்பாங்க" என்றார்.

"இழுக்கட்டும். எடுத்துட்டு வா."

துணியைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். வரப்பு மேலிருந்து கீழே ஒரே கோடாகப் போனது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாத்தனார் துணியின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு, கிழக்கு ஜன்னலுக்கு நடந்து, கண்ணாடியில் அப்பிப் பிடித்தாள். வெயில் பின்னால் இருந்து வந்தது. பிளேடு பட்ட இடம் மட்டும் துணி மெலிந்து வெளிறித் தெரிந்தது. அதில் நான்கு பொட்டு வெளிச்சம். இரண்டு கோட்டின் மேலேயே, கோடு எங்கேயும் திரும்பாத இடத்தில். இரண்டு கோட்டுக்குக் கிழக்கே, வெறும் துணியில். சேர்த்தால் பெட்டி.

மேடம் ஸ்கேலை எடுத்து அளந்தாள்.  நாத்தனாருக்குக் கண் நிரம்பி வழிந்தது. அதைத் துடைக்கக் கை இல்லை, துணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் என் முந்தானையால் துடைத்துவிட்டேன். பிறகு அவள் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, இன்ன படத்தில் இன்ன வரப்பை நான் என் இஷ்டத்துக்கு மாற்றினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகலாம் என்றேன். "ஒரு எடம் பாக்கி" என்றாள்.

வெங்காயக்காரர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, சாக்கில் கொட்டிய வெங்காயத்தில் அழுகலைப் பொறுக்கித் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும். நாத்தனார் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுக்குவதை நிறுத்தவில்லை. அவள் முடித்த பிறகும் நாலைந்து வெங்காயம் பொறுக்கினார்.

"இத எதுக்கும்மா என்கிட்ட வந்து சொல்றீங்க?" என்றார் கடைசியில். "எனக்குத்தான் முன்னாலயே தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

உட்காருங்கள் என்று சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அவருடைய மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். திரும்பி நடக்கும்போது எனக்குக் கோபம். வயசான பொம்பளை வாசல் தேடி வந்து மன்னிப்புக் கேட்கிறாள், இப்படியா என்று பொருமினேன். "அவர் இருபது வருஷம் நின்னாரும்மா. நான் பத்து நிமிஷம் நின்னேன்" என்றாள்.

நான் பயந்த மாதிரியே நடந்தது. விஷயம் பரவியதும் வாசலில் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் இல்லை, ஒன்பது பேர், வெவ்வேறு நாளில். என் வரப்பையும் பாருங்க, என் வேலியையும் பாருங்க என்று. நாத்தனார் கிளார்க்கிடம் சொல்லி அந்த ஒன்பது படத்தையும் வெளியே எடுக்கவைத்து, ஒவ்வொருவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஜன்னலில் பிடித்துக் காட்டினாள். எட்டில் ஊசியும் கோடும் ஒத்துப்போயின. ஒன்பதாவதில் நிஜமாகவே ஒரு புள்ளி தள்ளியிருந்தது. அதற்கும் ஒரு வெள்ளைத்தாள் எழுதினாள். எட்டுப் பேர் வந்த வேகத்தில் திரும்பிப் போனதைப் பார்த்ததும் எனக்கு வந்த திமிரை இங்கே மறைக்கவில்லை. தெருமுனை வரைக்கும் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் குடோன்காரர்கள் நான்கு துளையையும் பார்த்துவிட்டு வேண்டாவெறுப்பாக ஒரு வாரம் கொடுத்தார்கள். மேடம் பெட்டியின் மூலையில் கயிறு கட்டித் தோண்ட ஆரம்பித்தாள். முதல் நாள் மண். இரண்டாம் நாளும் மண். மூன்றாம் நாள் ஓட்டுச்சில்லும் கரியும். அன்றைக்கு நாத்தனார் சாப்பிடவில்லை. "இல்லாம இருந்தா என்னக்கா, நீங்க உண்மையத்தான் சொன்னீங்க" என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். "உண்மையச் சொன்னா மட்டும் ஆச்சா, அது அங்க இருக்கணும்" என்றாள்.

நான்காம் நாள் மத்தியானம் மேடம் சைக்கிளில் வந்து எங்கள் வாசலில் அதைப் போட்டாள். நிறுத்தவில்லை, போட்டாள். ஆள் முழுக்கச் சேறு. "மூலை வந்துடுச்சும்மா" என்றாள். அப்படியே உள்ளே வந்து நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். நான் அன்றைக்குக் காலையில்தான் கூடத்தைத் துடைத்திருந்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் பெட்டி கோபுரத்தின் அடித்தளம். கிழக்கு மேற்காக நாற்பத்தோரு அடி. நாத்தனார் குத்திய புள்ளிக்கும் கல் மூலைக்கும் அரை அடிகூட வித்தியாசம் இல்லை. அங்கிருந்து மேற்கே மதில், மதிலுக்குள் தரை, தரைக்கு நடுவில் கருவறையின் அடிவரிசைக் கற்கள். அபிஷேகத் தண்ணீர் வெளியே போவதற்குக் கல்லில் வெட்டிய ஒரு சின்ன வாய்க்கால். சாமி இல்லை, யாரோ எப்போதோ எடுத்துப் போய்விட்டார்கள். ஆனால் அந்த வாய்க்காலில் மண்ணை வழித்துவிட்டு ஒரு குவளை தண்ணீர் ஊற்றினார்கள். எங்கேயும் தேங்காமல் சரியான பக்கம் ஓடியது. எத்தனை நூறு வருஷம் கழித்து ஓடுகிறதோ, இன்னொரு குவளை ஊற்றச் சொல்லிக் கேட்டேன்.

குடோன்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள், மேடத்தின் அனுமதியும் நீண்டது. அடுத்த மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊர்ஜனங்களைப் பார்க்க விட்டார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நானூறு ஐந்நூறு பேர். கடைவீதி முழுக்க அங்கேதான் நின்றது. மேடம் ஒரு மர முக்காலி மேல் ஏறி, கோயில் எழும்பியதையும் ஆறு போனதையும் கல் பெயர்ந்ததையும் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு, "இதைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தவங்க இவங்கதான்" என்று நாத்தனாரை முன்னால் இழுத்துவிட்டாள். ஜனங்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே.

நாத்தனார் கை தட்டல் அடங்குகிறவரை தலையைக் குனிந்து நின்றாள். அப்புறம் கூட்டத்தில் யாரையோ தேடினாள். வெங்காயக்காரர் கடைசியில், வேலி ஓரத்தில் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

"நான் கண்டுபிடிக்கல" என்றாள் நாத்தனார். "நான் மறைச்சேன். இங்க வரப்பு புடைச்சுக்கிட்டுப் போச்சுன்னு அவரு சொன்னாரு. அவரு சொன்னதுதான் சரி. படம்தான் தப்பு. அத நான்தான் அழிச்சேன். அவரு பொய் சொல்லல."

 எல்லாத் தலையும் வேலிப் பக்கம் திரும்பியது. அதில் அவரைக் கேலி பண்ணாத தலை ஒன்றுகூட இருந்திருக்காது. வெங்காயக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு கயிறு வரைக்கும் வந்தார். மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்றார். "கொஞ்சம் சத்தமா. இவளுக்குக் காது மந்தம்."

என் நாத்தனார் வாழ்க்கையில் சத்தமாகப் பேசினவள் இல்லை. சண்டையில்கூட முணுமுணுப்புத்தான். அன்றைக்கு அந்த வெயிலில், அடிவயிற்றிலிருந்து, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "அவரு பொய் சொல்லல. தப்பு என்னுது."

வெங்காயக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலையை ஆட்டினாள். அவர் இரண்டு கையையும் குவித்து நாத்தனாரைக் கும்பிட்டார், அவளும் கும்பிட்டாள். அப்புறம் இரண்டு பேரும் கயிற்றைத் தாண்டி, அவருடைய களம் இருந்த இடத்துக்கு, தோண்டியதில் வெளியே வந்த கல்படியில் இறங்கிப் போனார்கள். முட்டி வலி என்று அவள் என் கையைத் தேடவில்லை, அவர் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள்.

நானும் அவர் மனைவியும் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாவிடம் நான் காதோரமாகக் குனிந்து, "நல்லாக் கேட்டுச்சா?" என்று கேட்டேன்.

"மொதல் தடவையே கேட்டுச்சும்மா" என்றாள். "அவரு இன்னொரு தடவ கேக்கட்டும்னுதான் சும்மா நின்னேன்."